கிழமைக்கு ஓர் அரிசி

ஜெயலெட்சுமியின் வலது கையை நான் முதலில் பார்த்தபோது அது ஒரு பழைய சாரத்தால் சுற்றப்பட்டிருந்தது. சாரம் அவளுடைய கணவன் அழகையாவுடையது. அவன் அரைக்காற்சட்டையோடு நின்றுகொண்டிருந்தான். 1997, ஆடி மாதம்; ஊவா மலைகளில் கச்சான் காற்று வீசும் காலம்.

"என்னாலதாங்கய்யா வந்துச்சு" என்றான், நான் எதுவும் கேட்பதற்கு முன்பே.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்னும் வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. அன்று காலை காற்று கூரைத் தகரம் ஒன்றைக் கிளப்பிவிட்டது. அவன் மேலே ஏறி அதன்மேல் கல் வைக்கப் பார்த்தான். அவள் கீழே ஸ்டூலில் நின்று தகரத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "விட்றாத புள்ள, இழுத்துப் புடி" என்று அவன் கத்தினான். அவள் விடவில்லை. அடுத்த காற்றுக்குத் தகரம் முன்கையின் உட்பக்கத்தில் இரண்டு இடங்களில் இறங்கியது.

"நான் விடுன்னு சொல்லிருக்கணும்."

"சொன்னா மட்டும் விட்டிருப்பேனாக்கும்" என்றாள் கட்டிலில் கிடந்தபடி. உதடு வெளுத்திருந்தது. "கூர பறந்தா எங்க போய் படுக்கிறது? ஒங்க அக்கா வீட்லயா?"

அப்போது நான் பதுளையில் சத்திரசிகிச்சை வைத்தியனாக இருந்தேன். மேல் வெட்டு ஆழமானது. பெருவிரலுக்கும் அடுத்த இரண்டு விரல்களுக்கும் உணர்வு கொண்டுபோகும் நரம்பு முழுதாக அறுந்திருந்தது. கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தலைமயிரிலும் மெல்லிய நூலால் அதன் இரண்டு முனைகளையும் சேர்த்தேன். மூன்று விரலகலம் கீழே இருந்த இரண்டாவது வெட்டு நரம்பைத் தொடவில்லை. அதை வெறுமனே தைத்து மூடினேன்.

அடுத்த நாள் இரண்டு பேரிடமும் உண்மையைச் சொன்னேன். நூல் போட்டுச் சேர்த்ததால் மட்டும் நரம்பு ஒட்டிக்கொள்ளாது. வெட்டுக்குக் கீழே இருக்கும் பகுதி எப்படியும் செத்துப்போகும், அதன் வெற்றுக் குழாய் மட்டும் மிஞ்சும். மேலேயிருந்து புது நரம்பு அந்தக் குழாய்க்குள் வளர்ந்து விரல் நுனிவரை போக வேண்டும். ஒன்றரை வருஷத்துக்குள் போகாவிட்டால் பெருவிரல் அடியில் இருக்கும் தசை செத்துவிடும். பிறகு நரம்பு வந்தும் பயனில்லை.

அவள் கொழுந்து பறிப்பவள். அரும்பு எது, முற்றிய இலை எது என்று கண் பார்ப்பதற்கு முன்பே பெருவிரலும் சுட்டுவிரலும் அறிந்து ஒடிக்க வேண்டும். அந்த இரண்டு விரல்களும்தான் இப்போது மரக்கட்டையாகக் கிடந்தன.

"எப்பிடிங்கய்யா வளரும்?" என்று கேட்டான் அழகையா.

"நரம்பின்ர உயிர் கழுத்துக்குக் கிட்ட இருக்குது. நுனி வளர வேண்டிய சாமான் எல்லாம் அங்கயிருந்துதான் வரவேணும். பசறை ரோட்டில பாரத்தோட ஏறுற லொறி மாதிரி மெல்ல மெல்லத்தான் வரும்."

"ஒரு நாளைக்கி எம்புட்டுத் தூரம்?"

ஒரு மில்லிமீற்றர் என்றேன். அவன் முகத்தில் எதுவும் பதியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஏழு நாளுக்கு, கிழமைக்கு ஒரு அரிசி நீளம் எண்டு வையுங்கோ" என்றேன்.

அவன் அதை மனதில் வைத்துப் பார்த்தான். பிறகு மிகுந்த கவனத்தோடு கேட்டான்: "சம்பாவாங்கய்யா, நாட்டரிசியா?"

எனக்குப் பேச்சு குறைவு. சிரிப்பு அதைவிடக் குறைவு. வாட்டில் நான் சிரித்ததைக் கண்டு தாதி திரும்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. சம்பா சின்ன அரிசி. "நாட்டரிசி" என்றேன்.

நரம்பு எதுவரை வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. வளரும் நுனி இருக்கும் இடத்தின்மேல் விரலால் தட்டினால் மின்சாரம் ஓடியதுபோல விரல்களுக்குள் கூசும். தட்டிக்கொண்டே போய், கூச்சம் எழும் கடைசி இடத்தைக் குறித்துவைத்தால், மாதத்துக்கு மாதம் அந்த இடம் கீழே இறங்குவது தெரியும். தோட்டங்களிலிருந்து, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியாலும் தகரத்தாலும் நரம்பு அறுந்து வந்த பன்னிரண்டு பேரின் அளவுகளை நான் ஒரு கொப்பியில் எழுதிவந்தேன். புத்தகங்களில் இருந்த அளவுகளெல்லாம் வேறு நாட்டுக் கைகளுடையவை. குளிரில் வெறுங்காலோடு மலை ஏறும் இந்த மனிதர்களின் நரம்பு எப்படி வளருகிறது என்று யாரும் பார்த்திருக்கவில்லை. பன்னிரண்டாவது பெயர் ஜெயலெட்சுமி.

தட்டும் வேலையை அழகையாவுக்குப் பழக்கினேன். அவன் கவ்வாத்து வெட்டுபவன். விரல்கள் வேர்போல இருக்கும். முதல் தட்டுக்கே அவள் "ஆத்தாடி" என்றாள்.

"அழகையா, கதவு தட்டுற மாதிரி இல்லை. குழந்தைப்பிள்ளையை எழுப்பிற மாதிரி."

"எங்க வீட்ல புள்ளைய எழுப்புறதும் இப்பிடித்தாங்கய்யா" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தட்டிப் பார்த்து, கூசும் இடத்தில் போல்பொயின்ற் பேனையால் புள்ளி வைக்கச் சொல்லி அனுப்பினேன். அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது கையில் நீலக் கறைதான் இருந்தது. பாத்திரம் தேய்த்ததில், குளித்ததில், எல்லாம் போய்விட்டது. நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். "அடையாளம் அழியக்கூடாது. அழிஞ்சா எனக்கு ஒண்டும் விளங்காது. ஏதும் பிழை நடந்தாலும் கண்டுபிடிக்கேலாது." மறுபடியும் நானே தட்டிப் புதிதாக முதல் புள்ளியை வைத்தேன். அழகையா தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்து வந்தார்கள். அவள் சேலைத் தலைப்பை விலக்கிக் கையை மேசையில் வைத்தாள். முன்கையின் உட்பக்கத்தில் வரிசையாக ஐந்து புள்ளிகள். பச்சை கலந்த நீலம். நான் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை. இன்னொரு முறை துடைத்தேன்.

"அது போகாதுங்கய்யா" என்றான் அழகையா. அவன் குரலில் பெருமை இருந்தது. "பச்ச குத்தியாச்சு."

லயத்தில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் இருக்கும் பேச்சியம்மா மூன்று ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, விளக்குக் கரியை இலைச்சாற்றில் குழைத்துப் பச்சை குத்துவாளாம். அந்த லயத்துப் பெண்களின் கைகளில் இருக்கும் கோலமும் பெயரும் எல்லாம் அவள் குத்தியவை. ஞாயிறுதோறும் அழகையா தட்டிப் பார்த்ததும் பேச்சியம்மா வந்து ஒரு புள்ளி குத்திவிட்டுப் போவாள்.

பஞ்சைக் கீழே வைத்தேன். கிருமி, சீழ், வளர்ந்துகொண்டிருக்கும் நரம்பின்மேல் ஊசி. எத்தனையோ சொல்லியிருக்கலாம். அழியக்கூடாது என்று சொன்னது நான்தான்.

"வலிக்கேல்லையோ?"

"கையி வலிக்குங்கய்யா. வெரலுக்குத்தான் ஒண்ணும் தெரியல" என்றாள். "பேச்சியம்மாக்கா என்ன சொல்லுச்சு தெரியுங்களா? 'ஏ அழகையா, ஒம் பொண்டாட்டி கையில பதுள ரோட்டு மைல்கட்டய எல்லாம் நட்டுட்டியேடா'ன்னுச்சு."

ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுக்கச் சொன்னேன். பிறகு அளவுகோலை எடுத்துப் புள்ளிகளை அளந்தேன். என்னுடைய பன்னிரண்டு பேரில் இவ்வளவு ஒழுங்கான அடையாளம் வேறு யாரிடமும் இல்லை.

அடுத்த மாதம் ஒன்பது புள்ளிகள். அவற்றில் ஆரம்பப் புள்ளிகள் கொஞ்சம் கோணலாக, ஒன்று நெருங்கியும் ஒன்று தள்ளியும் இருந்தன. ஐந்தாவதிலிருந்து ஒழுங்குக்கு வந்துவிட்டன. அவர்களுக்கு நல்ல உற்சாகம். அது யுத்த காலம்; பதுளைக்கு வரும் வழியில் சோதனைச்சாவடியில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி நடக்க வேண்டும். தமிழ்ப் பெண்ணின் கையில் வரிசையாகப் புள்ளிகளைக் கண்டதும் ஓர் இளம் இராணுவவீரன் தனியே நிறுத்தியிருக்கிறான். அழகையா தன்னுடைய சிங்களத்தில், நரம்பு நடந்து வருகிறது என்றும், இந்த மாதம் இதுவரை வந்துவிட்டது என்றும் விளக்கியிருக்கிறான். அந்த வீரன் சாவடியில் இருந்த மற்ற இரண்டு வீரர்களையும் கூப்பிட்டுக் காட்டினானாம். "அடுத்த தடவ எங்க வந்திருக்குன்னு வந்து காட்டணும்னுட்டாங்கய்யா" என்றான் அழகையா.

அவளுடைய புள்ளி வரிசையின்மேல் எனக்குத் தனியான பிரியம் ஏற்பட்டிருந்தது. குவாட்டர்ஸில் தனியாக இருந்தேன். மனைவி யோகமலர் யாழ்ப்பாணத்தில் ஆசிரியை. பாதை மூடியிருந்ததால் கப்பலில் வரும் கடிதம் என் கைக்குக் கிடைக்க ஒரு மாதம் ஆகும். ஒழிந்த நேரத்தில் அந்தக் கொப்பியைத்தான் விரிப்பேன். கார்த்திகை மாதத்து ஒரு சனிக்கிழமைப் பின்னேரம், வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருக்க, பன்னிரண்டு பேரின் அளவுகளையும் ஒரே தாளில் கோடுகளாகப் போட்டேன். பதினொரு கோடுகள் நெளிந்தன. ஒரு கிழமை நரம்பு ஓடும், ஒரு கிழமை நிற்கும், காய்ச்சல் வந்த மாதம் நகராது. பன்னிரண்டாவது கோடு மட்டும் ஐந்தாம் புள்ளியிலிருந்து அளவுகோல் வைத்து இழுத்ததுபோல நேராகப் போயிற்று.

அதை நான் ரசித்தேன் என்பதுதான் உண்மை. தேத்தண்ணி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அரிசிப் பெட்டியிலிருந்து ஓர் அரிசியை எடுத்து, கொப்பியில் கையின் அளவிலேயே வரைந்திருந்த அவளுடைய இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வைத்தேன். சரியாகப் பொருந்தியது. அடுத்த இரண்டுக்கும் நடுவில் வைத்தேன். பொருந்தியது.

உயிருள்ள எதுவும் அப்படி வளராது.

ஐந்தாம் புள்ளி இருந்த இடம் எனக்கு நினைவு வந்தது. அதற்குச் சற்று மேலே, நாலாம் புள்ளியை ஒட்டி, நான் வெறுமனே தைத்து மூடிய இரண்டாவது வெட்டின் தழும்பு.

மார்கழி முதல் கிழமை அவர்கள் வந்தபோது புள்ளிகள் பதின்மூன்று ஆகியிருந்தன. மணிக்கட்டுக்கு இன்னும் ஒரு விரலகலம்தான். ஆனால் அவளுடைய பெருவிரல் அடி முன்பைவிடக் குழிந்திருந்தது. உள்ளங்கை காய்ந்து பளபளத்தது. இவ்வளவும் முதலே என் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"கண்ணைக் கட்டப்போறன்" என்றேன். "விரலுக்க மின்சாரம் ஓடினா மட்டும் சொல்லுங்கோ."

அழகையா தன் தோளில் கிடந்த துவாயைக் கொடுத்தான். கட்டினேன். முன்கைத் தோல் மந்தமானது. கண்ணை மூடியிருக்கும் ஒருவருக்கு, அரிசி நீள இடைவெளியில் இருக்கும் புள்ளிகளில் எந்தப் புள்ளி தட்டப்படுகிறது என்று தெரியாது. பத்தாம் புள்ளியில் தட்டினேன். "ஆமாங்க" என்றாள். பன்னிரண்டில் தட்டினேன். கொஞ்சம் தயங்கி, "இல்லீங்க" என்றாள். பதின்மூன்றில், "இல்ல... ஆமாங்க." ஒன்றும் சொல்லாமல் மேலே போய் நாலாம் புள்ளியில் தட்டினேன். அவள் வாய் திறப்பதற்கு முன்பே தோள் துள்ளியது.

துவாயை அவிழ்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஏங்க" என்றாள் கணவனிடம், "தொண்ட காயுது. வெளிய போய் ஒரு தேத்தண்ணி வாங்கிட்டு வாங்களேன்."

அவன் போனான். நான் காத்திருந்தேன். வாட்டுப் பக்கம் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் வந்து அடங்கியது.

"அஞ்சாவது புள்ளி வைக்கிற ஞாயித்துக் கெழம அது நகரலீங்கய்யா" என்றாள். "அவரு காலையிலயே குளிச்சி, வெள்ளச் சட்டயப் போட்டுக்கிட்டு, சுடுதண்ணியில கையக் கழுவிட்டு, சாமி கும்புட போற மாதிரி வந்து ஒக்காருவாரு. தட்டுனாரு. அதுக்கு முந்துன வாரம் கூசுன எடத்துலயேதான் கூசுது. அந்த மூஞ்சியப் பாக்கணுமே நீங்க. தகரத்த அவரு கையாலயே எறக்குன மாதிரி. ஒரு அரிசிதானேன்னு கீழ காட்டிட்டேன். அடுத்த வாரம் அது வந்து சேந்துக்கும்னு நெனச்சேன்."

"பிறகு?"

"வரல. இன்னொரு அரிசி காட்டுனேன். பேச்சியம்மாக்கா குத்திட்டுப் போயிருச்சு. குத்துனத எப்பிடி அழிக்கிறது?" அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "அவருகிட்ட சொல்லாதீங்கய்யா."

யோகமலருக்கு எழுதும் கடிதங்களில் நானும் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்றும் இங்கே பயம் ஒன்றுமில்லை என்றும் எழுதுவேன். அவளும் ஷெல் சத்தம் கேட்பதேயில்லை என்று எழுதுவாள். கிழமைக்கு ஓர் அரிசியைக் கூட்டிச் சொல்வது எனக்குத் தெரியாத காரியமில்லை. அதனால் அவளைக் கோபிக்க முடியவில்லை. நாலு மாதம் ஐந்து நாள் போயிருந்தது. இன்னும் நேரம் இருந்தது. அதைத்தான் சொன்னேன்.

"அந்தத் தழும்பு நரம்பை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருக்குது. திறந்து விடுவிக்க வேணும். திறக்கிறதெண்டால் அவருக்குச் சொல்லாமல் ஏலாது. நான் சொல்லவோ, நீங்கள் சொல்லுறீங்களோ?"

அழகையா சில்வர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி உள்ளே வந்தான். அவள் அதை இடது கையால் வாங்கிக் கீழே வைத்தாள்.

"இங்க பாருங்க, கோவிச்சுக்கக் கூடாது. நாலாம் புள்ளிக்கி அங்கிட்டு எல்லாம் பொய்யி. நரம்பு அங்கனயேதான் நிக்கிது. நான்தான் சும்மா சொன்னேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், கடைசியில் கையைப் பார்த்தான். ஒவ்வொரு புள்ளியாக அவன் கண் இறங்கியது.

"அப்ப இம்புட்டு நாளும் நான் வெறுந்தோலையா தட்டிக்கிட்டு இருந்தேன்?"

"ஒங்க மூஞ்சிய நீங்க பாத்திருந்தா நீங்களே பொய் சொல்லிருப்பீங்க."

"ஆமிக்காரன்கிட்ட வேற காட்டிட்டேனேடி" என்றான்.

அதற்கு அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. வெளியே போய்ப் படிக்கட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். நான் சென்று அவனருகே நின்றேன். கடைசியில் அவன் எழுந்து, "எப்பங்கய்யா வெட்டுறீங்க?" என்றான்.

பத்து நாள் கழித்துத் திறந்தேன். நினைத்ததுபோலவே தழும்பு உள்ளே இறங்கி நரம்பைச் சுற்றி நார்போல இறுகியிருந்தது. அதற்கு மேலே நரம்பு புடைத்திருந்தது. கழுத்திலிருந்து நாள்தோறும் வந்த சாமான்கள் போக வழியில்லாமல் அங்கேயே தேங்கிக் கிடந்தன. இடம் தேடி வேறெங்கும் வெட்ட வேண்டியிருக்கவில்லை. பேச்சியம்மாவின் நாலாம் புள்ளி சரியான இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. நாரை ஒவ்வொரு இழையாக அறுத்து நரம்பை விடுவித்துவிட்டு மூடினேன். தையலில் நாலாம் புள்ளியும் ஐந்தாம் புள்ளியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

கொப்பியில் அவளுடைய கோட்டை அழிக்கவில்லை. ஆய்வுக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, பதினொரு பேரோடு எழுதிமுடித்தேன். நேர்கோட்டைக் கண்டு மயங்கியதைக் கட்டுரையில் எழுத இடமில்லை.

தை மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைச் சடங்கு மறுபடி தொடங்கியது. சட்டம் மட்டும் மாறியிருந்தது. அழகையா துவாயால் அவள் கண்ணை இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் தட்டுவான். அவள் என்ன சொன்னாலும் அவன் கேட்பதில்லை. தோளைத்தான் பார்ப்பான்.

"கட்டுன பொண்டாட்டிய நம்பாத மனுசன் இவரு ஒருத்தருதாங்கய்யா" என்பாள் கிளினிக்கில்.

"நம்பித்தானே ரெண்டு மாசம் போச்சு" என்பான் அவன்.

புதிதாகப் புள்ளி குத்தவில்லை. "எதுக்கு? புள்ளிதான் ஏற்கெனவே கெடக்கே" என்று பேச்சியம்மா சொல்லிவிட்டாளாம். "இனி நரம்புதான் புள்ளியத் தேடி வரணும்." அப்படித்தான் வந்தது. மாசியில் ஆறாம் புள்ளியைத் தாண்டியது. ஒரு கிழமை நின்றது. பிறகு ஒரே கிழமையில் இரண்டு அரிசி போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை அழகையா நம்பாமல் மூன்று முறை கண்ணைக் கட்டிப் பார்த்திருக்கிறான். சோதனைச்சாவடியில் கேட்டபோது, நரம்பு போன இடத்திலிருந்து கொஞ்சம் திரும்பி வந்துவிட்டு மறுபடி போகிறது என்று சொல்லிச் சமாளித்தானாம்.

சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பு பதின்மூன்றாம் புள்ளியைக் கடந்தது. அதற்குப் பிறகு கையில் புள்ளிகள் இல்லை. உள்ளங்கையில் பேனையால் குறித்தோம். பிள்ளைக் காம்பராவில், தோட்டத்துத் தாய்மார் மலைக்குப் போகும்போது விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்க்கும் வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு குழந்தையின் நெற்றியில் அந்தக் கையை வைத்துச் சூடு பார்த்தபோது விரலடியில் ஏதோ தெரிந்ததுபோல இருந்தது என்றாள். "போல இருந்திச்சுன்னுதான் சொல்றேன். இருந்திச்சுன்னு சொல்லல" என்று உடனே சேர்த்துக்கொண்டாள். ஆனியில் பெருவிரலின் அடித்தசை முதன்முறையாகத் துடித்தது. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். அவள் கையை மேசையில் வைத்தபடியே கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் கூப்பிட்டதால் பசறை பஸ்ஸில் ஏறிப் போனேன். லயத்து முற்றத்தில் பலகை ஒன்றைப் போட்டு என்னை உட்காரவைத்தார்கள். கூரைத் தகரத்தின்மேல் இப்போது பத்துப் பன்னிரண்டு கற்கள் இருந்தன. தேவைக்கு மிக அதிகம்.

பேச்சியம்மாவை அன்றுதான் நேரில் பார்த்தேன். ஒல்லியான பெண். ஐம்பது வயதிருக்கும். வாயில் வெற்றிலை.

"நீங்கதானா அந்தப் பேசாத டாக்டரய்யா?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

"பாரு, அதுக்கும் ஒத்த வார்த்த."

அழகையா வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். துவாயால் மனைவியின் கண்ணைக் கட்டினான். "நல்லா கட்டியிருக்கான்னு நீங்களும் ஒருக்கா பாத்துருங்கய்யா" என்றான். சட்டைப் பைக்குள் கையை விட்டு எதையோ எடுத்து அவளுடைய வலது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்தான்.

அவள் உருட்டினாள். "அரும்பு."

அடுத்தது. "இது முத்துன எல. கரடு. இதப் பறிச்சிக்கிட்டுப் போனா கங்காணி மூஞ்சியில எறிவாரு."

பேச்சியம்மா சப்புக்கொட்டினாள். தை பிறந்ததும் கொழுந்து பறிக்க மலைக்கு வரலாம் என்று கங்காணி சொல்லியிருந்ததாக முதலே என்னிடம் சொன்னார்கள். அழகையா இன்னும் திருப்திப்படவில்லை. மூன்றாவதாக ஒன்றை எடுத்தான். அது அரிசிகூட இல்லை, உடைந்த குறுணை. அதை அவள் விரல்களுக்கிடையில் வைத்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

அவள் விரல்கள் தேடின. வெகுநேரம் தேடின. அவனை அறிந்தவள் அவள். அந்த இடத்தில் அவன் எதை வைத்திருப்பான் என்று ஊகித்துச் சொல்லியிருக்க முடியும். எனக்கே அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"ஏதோ இருக்கு" என்றாள். "என்னன்னு தெரியலீங்க."

அழகையாவின் தோள்கள் தளர்ந்தன. முகம் வாடியது என்றுதான் முதலில் நினைத்தேன். வாடவில்லை. அந்தக் குறுணையை அவள் விரல்களுக்கிடையிலிருந்து எடுத்துப் பத்திரமாகத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"அது போதும்" என்றான் மெதுவாக.

"என்னத்த போதும்? அவ எல மணத்த வச்சு சொல்லிருப்பா" என்ற பேச்சியம்மா, முந்தானையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, நான் தடுப்பதற்குள் அவளுடைய சுட்டுவிரல் நுனியில் ஒரு குத்துக் குத்தினாள்.

"அய்யோ ஆத்தா!" கை தானாகப் பின்னால் துள்ளியது. ஜெயலெட்சுமி துவாயைப் பிய்த்து எறிந்தாள். "ஏக்கா, ஒனக்கு அறிவிருக்கா? ரெத்தம் வருது பாரு!"

விரல் நுனியில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு எழுந்தது. பேச்சியம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு ஊக்கை மறுபடி முந்தானையில் குத்திக்கொண்டாள்.

அழகையா மனைவியருகே குந்தியிருந்து அந்த விரலைப் பிடித்தான். கீழே கிடந்த துவாயை எடுத்து இரத்தத்தை ஒற்றினான். பிறகு அதே துவாயால் தன் முகத்தைத் துடைத்தான். துடைத்து முடிக்க அவனுக்கு நேரம் எடுத்தது.

"வலிச்சிச்சா?"

"வலிக்காம? உசுரே போச்சு."

"இன்னொருக்கா சொல்லு" என்றான்.